மெக்கானிக் வேலைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறதாம்

1

பிள்ளைகள் படித்து முடித்து என்ன வேலைக்குப் போகலாம் என்று பெற்றோருக்கு விளக்க, மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு மாலை எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கனடாவில் இதற்கென்றே ஓர் ஆசிரியை இருக்கிறார். திரையில் வேலைகளின் பெயர்களைப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நட்சத்திரம் வைத்திருந்தார். நட்சத்திரம் கூடினால் அந்த வேலை இனிமேலும் தாராளமாகக் கிடைக்கும் என்று அர்த்தம். வங்கி வேலைக்கு ஒரே ஒரு நட்சத்திரம். பத்திரிகை வேலைக்கு அதுவும் இல்லை. மெக்கானிக், இயந்திரம் பழுது பார்ப்பவர் என்ற வரியில் மட்டும் நட்சத்திரங்கள் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நின்றன.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிய கிடங்குகளில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்த்துத்தான் இந்த ஊரில் என் குடும்பம் சாப்பிடுகிறது. என் வேலையை ஒருவர் திரையில் போட்டுப் பாராட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன் என்றுகூடச் சொல்வேன்.

முன் வரிசையில் இருந்த ஒருவர் ஏன் இதற்கு இவ்வளவு நட்சத்திரம் என்று கேட்டார். ஆசிரியை சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். இப்போது வேலையில் இருக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது, வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள், புதிதாக இளைஞர்கள் வருவதில்லை, ஆகவே வருகிறவனுக்கு வேலை நிச்சயம். எல்லோரும் தலையாட்டினார்கள். பழுது பார்க்கிறவன் இல்லாமல் போவதற்குத்தான் இங்கே நல்ல எதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் ஓய்வு பெறுவார்கள், சரி. இயந்திரங்கள் ஓய்வு பெறுமா? அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காரில் வரும்போது, உனக்கு அந்த வேலை பிடிக்குமா என்று மகள் திவ்யாவிடம் தமிழில் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: "அது உங்களைப் போல வேற நாட்டிலிருந்து வந்தவங்க செய்ற வேலைப்பா." அவள் மனதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள். நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

அந்த வாரமே யோகராஜாவின் அழைப்பு வந்தது. யோகு என் மனைவி வசந்தியின் தம்பி. இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். நானும் அங்கேதான் முதன்முதலில் ஸ்பேனர் பிடித்தேன். நான் இருந்த காலத்தில் மூன்று ஃபிட்டர், ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு தச்சு ஆசாரி என்று ஒரு சின்னப் பட்டாளமே இருந்தது. ஒருவன் கத்தாருக்குப் போனான், ஒருவன் கொழும்பில் லிஃப்ட் கம்பெனிக்குப் போனான், ஆசாரி செத்துப்போனார். நான் இங்கே வந்தேன். மிஞ்சியது யோகு.

"மச்சான், அங்க மெக்கானிக்குக்கு நல்ல டிமாண்டாமே? ஹட்டன் டவுன் பூரா போஸ்டர் ஒட்டியிருக்காங்க. போலந்துக்கு ஆள் எடுக்குறாங்களாம்."

"எல்லா நாட்டுலயும் டிமாண்ட்தான் மாப்ள. நேத்துதான் எனக்கும் கிளாஸ் எடுத்தாங்க."

"அப்ப போகலாம்னு சொல்றீங்க?"

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் குளிரூட்டிய வீட்டில்... இல்லை, சூடேற்றிய வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த வார்த்தை எனக்கு மாறித்தான் வருகிறது. அவன் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறான். அவன் மனைவி கலாவும் அதே தொழிற்சாலையில், ரோலர் அறையில் வேலை செய்கிறாள். ரோலர் என்பது வாடிய தேயிலைக் கொழுந்தை முறுக்கிக் கசக்கும் இயந்திரம். ஆள் உயரம் இருக்கும், பக்கத்தில் நின்றால் தரை அதிரும். முன்பு அந்த அறையில் ஆண்கள் மட்டும்தான் நிற்பார்கள். ஆண்கள் கொழும்புக்குப் போய்விட்டதால் இப்போது பெண்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

"பரீட்சை வைப்பாங்க. போய் எழுது" என்றேன்.

"எழுதுறது இல்ல மச்சான். மெஷின ஓட்டிக் காட்டணுமாம். அது நமக்கு என்ன பெரிய வேலையா?"

3

இங்கே என் வேலை எப்படி என்று ஊரில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் பழுது பார்ப்பது குறைவு. வண்டியே தனக்கு என்ன கோளாறு என்று கம்பெனிக்குச் செய்தி அனுப்பிவிடும். கம்பெனி எனக்கு அனுப்பும். நான் பனியில் வேனை ஓட்டிக்கொண்டு போய், கம்ப்யூட்டரைச் செருகி, அது சொல்கிற பாகத்தைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டு வருவேன். பழைய பாகத்தைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அதற்குள் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். திரையில் நட்சத்திரம் வாங்கிய வேலை இதுதான்.

இந்த வேலைக்கு அனுமதிப் பத்திரம் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். ஊரில் ஃபிட்டராக இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அங்கே உங்கள் மேலதிகாரியின் பெயர் என்ன என்று அலுவலகப் பெண் கேட்டாள். பெரிய தொர என்றேன். தோட்டத்தில் மேனேஜரை நாங்கள் வேறு பெயரில் அழைத்ததே இல்லை, அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் முதல் பெயர் பெரிய, குடும்பப் பெயர் தொர என்று பதிந்துகொண்டாள். நான் திருத்தவில்லை. அந்தப் பெயரோடுதான் என் கோப்பு இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த நாட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டு விஷயம். இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, அந்த மெயின் சுவிட்சில் என் சொந்தச் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் என் பெயரும் படமும் தொங்கும். சாவி என் பையில். நான் கழற்றாமல் முதலாளியே வந்தாலும் அதைத் திறக்க முடியாது. பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று பழுதாக இருந்தால் புதியது வரும்வரை வண்டி நிற்கும். ஒரு நாள் நின்றாலும் சரி, ஒரு வாரம் நின்றாலும் சரி. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய ஊதாரித்தனமாகத் தெரிந்தது.

4

யோகு கொழும்பில் பரீட்சை முடித்துக்கொண்டு ரயிலில் வரும்போதே கூப்பிட்டான். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மச்சான், நான்தான் ஃபர்ஸ்ட்! மத்தவனுங்க டூல் பாக்ஸ தொறக்குறதுக்குள்ள நான் மெஷின ஓட்டிட்டேன். வெள்ளைக்காரன் அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"என்ன கோளாறு குடுத்திருந்தாங்க?"

"கதவு சுவிட்ச். மூடி தொறந்திருந்தா மெஷின் ஓடாதுல்ல, அந்த சுவிட்ச கெடுத்து வச்சிருந்தானுங்க. ரெண்டு வயர உருவி டைரெக்ட் போட்டேன். டக்குனு ஸ்டார்ட் ஆயிருச்சு."

டைரெக்ட் என்றால் என்ன என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சுவிட்ச் பழுதாகி இயந்திரம் நின்றால், அந்த சுவிட்சை விட்டுவிட்டு இரண்டு கம்பியையும் நேராக முறுக்கி டேப் சுற்றிவிடுவது. இயந்திரம் ஓடும். ஆனால் அந்த சுவிட்ச் எதைத் தடுப்பதற்காக இருந்ததோ, அதை இனி யாரும் தடுக்க மாட்டார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. மலையில் பறித்த கொழுந்து தொழிற்சாலைக்கு வந்துவிட்டால் அதை நிறுத்தி வைக்க முடியாது. வாடியதை நேரத்துக்கு அரைக்காவிட்டால் அத்தனையும் புளித்துக் குப்பைக்குப் போகும். சாமான் கேட்டால் கொழும்பிலிருந்து வர வேண்டும், கொழும்புக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை டைரெக்ட். சாமான் வருவதே இல்லை என்பதால், பிறகும் டைரெக்ட். நல்ல ஃபிட்டர் என்றால் எங்கள் ஊரில் கொழுந்தைக் கெடவிடாதவன் என்றுதான் அர்த்தம். யோகு நல்ல ஃபிட்டர்.

"மாப்ள, நீ ஃபெயில்" என்றேன்.

ரயில் சத்தத்தையும் மீறி அவன் குரல் உயர்ந்தது.

"ஓட்டிக் காட்டுனேனே மச்சான்!"

"ஓட்டுனதுனாலதான் ஃபெயில். நிப்பாட்டி, பூட்டுப் போட்டு, இது ஓடக்கூடாதுன்னு ஒரு அட்டைய தொங்கவிட்டிருந்தா பாஸ்."

அவன் என்னைத் திட்டவில்லை. அப்படியென்றால் ஆலையில் இருக்கிறதெல்லாம் என்ன மச்சான் என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவன் ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டேன். எந்த ரோலரில் எது டைரெக்ட், எந்த மோட்டாரில் சூடானால் அணைக்கும் சுவிட்ச் இல்லை, கொழுந்தைக் காய வைக்கும் ட்ரையரில் எது வெட்டி விடப்பட்டிருக்கிறது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். ரயில் நாவலப்பிட்டி வந்த பிறகும் முடியவில்லை. இது எல்லாம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் தெரியும். வேற யாரு இருக்கா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த திவ்யா, மாமா எதற்குக் கவலைப்படுகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "அப்ப ஏன் அந்த மெஷின நிறுத்திட்டு, சரி பண்ணிட்டு ஓட்டக்கூடாது?" என்றாள். நியாயமான கேள்வி. கொழுந்து என்று ஆரம்பித்தேன். அவளுக்கு அது தேயிலைப் பையில் இருக்கும் தூள். அவளுடைய கொள்ளுப்பாட்டி வரைக்கும் அந்தக் கொழுந்துக்காக ஓடியவர்கள் என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

5

யோகு சும்மா இருக்கவில்லை. இரண்டாம் முறை பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதும், நான் சொன்ன முறையைப் பழகிப் பார்க்க நினைத்தான். எங்கே பழகுவது? இருப்பது ஒரே இடம். கலா நிற்கிற ரோலரின் ஸ்டாப் பட்டன் துருப்பிடித்து வேலை செய்யாமல் போய், அதுவும் டைரெக்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை வீட்டுக் கதவுப் பூட்டைக் கொண்டுபோய், மின் பலகை அறைக்குள் அந்த ரோலரின் மெயினில் போட்டுவிட்டான். பிஸ்கட் பெட்டி அட்டையில் 'ஓட்டக்கூடாது' என்று எழுதி ரோலரில் தொங்கவும் விட்டான்.

டீ மேக்கர் ஓடி வந்தார். தொழிற்சாலையில் தேயிலைக்குப் பொறுப்பானவர் அவர், கெட்ட மனிதர் இல்லை. பின்னாலேயே தொரையும் வந்தார். யாரும் கத்தவில்லை என்று யோகு சொன்னான். கத்தியிருந்தால் அவன் பூட்டைக் கழற்றியிருக்க மாட்டான். தொர அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"யோகராஜா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா எல்லாத்தையும் சரி பண்ணித்தான் ஓட்டணும்னா, இந்த ஃபேக்டரிய மூடிட்டு கொழுந்த லொறியில அடுத்த தோட்டத்துக்கு அனுப்புன்னு கொழும்புல இருந்து சொல்லுவாங்க. ஏற்கெனவே அப்படித்தான் யோசிக்கிறாங்க. அப்புறம் உங்க சம்சாரத்துக்கு இங்க வேலை இருக்குமா?"

யோகு திரும்பிப் பார்த்தான். கலாவும் மற்றப் பெண்களும் கை கட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் சாவியை எடுத்தான்.

"அங்க பூட்டுப் போட்டா சம்பளம் குடுக்குறாங்க. இங்க பூட்டுப் போட்டா வேலை போகும்னு சொல்றாங்க. நான் எங்க மச்சான் போறது?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தொர பொய் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் தொழிற்சாலைகளை மூடி, தகரத்தைக் கழற்றி விற்றதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

6

இரண்டாம் பரீட்சையில் அவன் எதையும் ஓட்டவில்லை. நிறுத்தினான், பூட்டினான், அட்டையைத் தொங்கவிட்டான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பரீட்சை வைத்தவர் கை குலுக்கினாராம். பழுது பார்க்கத் தெரியும் என்று அவனுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்த அலைச்சலை எழுதினால் அது தனிக் கதை. சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தை நிரப்பித் தர ஒருவரைத் தேடி நுவரெலியாவுக்குப் போனான். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது என்பதால், பொலிஸ் விசாரணைக்கு வந்தவர்கள் நேராகத் தோட்ட ஆபீசுக்குப் போய் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவன் சொல்வதற்கு முன்பே தொரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் தடுக்கவில்லை. போகிறதற்கு முன்னால் டிராக்டர் டிரைவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். டிரைவர் வந்து இரண்டு இடம் பார்த்தார். வெளியே கொழுந்து ஏற்ற நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். மறுநாளும் அப்படியே.

"எல்லா டைரெக்டையும் கழட்டிட்டுப் போயிரு மாப்ள. அப்படியாவது வாங்கி மாட்டுவாங்க" என்றேன்.

"கழட்டுனா மறுநாளு ஒண்ணும் ஓடாது மச்சான். ஒண்ணும் ஓடலைன்னா மூடிருவாங்க. எனக்கு அங்க மொத சம்பளம் வார வரைக்கும் கலா வேலைக்குப் போயே ஆகணும்."

வசந்தி என் கையிலிருந்து போனை வாங்கி, நீ கெளம்பு தம்பி, சாமி பாத்துக்கும் என்றாள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தம்பிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவன் இப்போது போலந்தில் ஒரு கிடங்கில் இருக்கிறான். சிவப்புப் பூட்டோடு நின்று படம் அனுப்பியிருந்தான். தடித்த ஜாக்கெட், முகத்தில் களைப்பு, ஆனால் சிரிப்பு. அவன் அங்கே போய்ச் சேர்ந்ததால் அந்த நாட்டில் ஒரு மெக்கானிக் குறை தீர்ந்திருக்கிறது. தோட்டத்தில் அவன் இடத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. ஃபிட்டர் வேலை தெரிந்த பையன்கள் எல்லாம் ஹட்டனில் ஏஜென்ட் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல எதிர்காலம் யாருக்கு வேண்டாம்?

7

நேற்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கலா கூப்பிட்டாள். ஊரில் அப்போது விடிந்திருக்காது. வாடிய கொழுந்தை ரோலரில் போடும் நேரம். பின்னணியில் அந்த இரைச்சல் கேட்டது. எத்தனை வருடமானாலும் அது எனக்குத் தெரியும்.

"அண்ணே, அவருக்கு அடிச்சேன், எடுக்கல. ராத்திரி வேலையாம், வேலையில போன் வச்சுக்கக் கூடாதாம்ல. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"ரோலர்ல நேத்துல இருந்து ஒரு சத்தம் வருதுண்ணே. இப்ப மோட்டார் பக்கம் கருகுற வாசமும் வருது. டீ மேக்கர்கிட்ட சொன்னேன். இந்தப் போடு கொழுந்து முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு. பாக்க யாரு இருக்கான்னு அவருக்கே தெரியல. நான் போனை மெஷின் கிட்ட புடிக்கிறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"கிட்ட போகாத! முதல்ல அத நிப்பாட்டு."

"ஸ்டாப் பட்டன் வேலை செய்யாதேண்ணே. அவரு எங்கயோ போய் எதையோ இழுத்துத்தான் நிப்பாட்டுவாரு. எதைன்னு எங்களுக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. நான் கனடா வந்த பிறகு மின் பலகையை இடம் மாற்றிவிட்டார்கள். யோகு ரயிலில் சொன்னபோது மற்ற எல்லாவற்றையும் கேட்டேன், அதை எங்கே நிறுத்துவது என்று கேட்கவில்லை. ஃபேக்டரி முழுக்க மெயினை அணைக்கச் சொல் என்றேன். மின் பலகை அறை பூட்டியிருக்கிறது, சாவி டீ மேக்கரிடம், அவர் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் இருக்கிறார் என்றாள். இரைச்சலின் நடுவே ஒரு கிறீச்சென்ற சத்தம் எழுந்து அடங்கியது. என் கால் ஒன்றில் சப்பாத்து இருந்தது, ஒன்றில் இல்லை. வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கலா, நான் சொல்றதக் கேளு. எல்லாத்தையும் போட்டுட்டு நீ வெளிய வா. இப்பவே வா."

அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"நான் மட்டும் எப்புடிண்ணே வாறது? அந்தப் பக்கம் மத்த பொம்பளப் புள்ளைங்க கொழுந்து தள்ளிக்கிட்டு நிக்கிறாங்க. இந்த சத்தத்துல கூப்புட்டாலும் அவங்களுக்குக் கேக்காது. நான் போய்க் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வாறேன், நீங்க போன வச்சிராதீங்க."